சட்டகமும் முகமும்: கல்முனைக் கரையோரத்தில் அடையாளப் படம்

ஒளிப்படமொன்றைக் குறித்த அளவுக்கு வெட்டியமைத்தல் வெறும் தொழில்நுட்பக் கருமமென்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. எதனை உள்ளே வைப்பது, எதனை வெளியே தள்ளுவது என்பதைப் படமெடுப்பவரே தீர்மானிப்பதாகத் தோன்றினும், அத்தீர்மானம் பெரும்பாலும் படம் பயன்படப்போகும் இடத்திலேயே பிறக்கின்றது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை ஆகிய ஊர்களின் அண்மைக்கால வரலாற்றில் இதன் விளைவைக் காணலாம்.

1854 இல் பாரிசில் திஸ்தெரி என்பார் ஒரே தகட்டில் எட்டுப் படங்கள் வரை எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். முகவரிச் சீட்டின் அளவினதான அச்சிறு படத்தில் மனிதர் தலை முதல் கால் வரை நின்றனர். திரைச்சீலையும் தூணும் மேசையும் உடன் நின்றன. அந்தஸ்தைக் காட்டுவதே அதன் நோக்கம். அரசின் நோக்கமோ வேறு. முதலாம் உலகப் போர்க்காலத்தில் கடவுச்சீட்டிற்குப் படம் கட்டாயமானபோது, தொப்பியணிந்தோரும் குடும்பமாகக் கூடியிருந்தோரும்கூட முதலில் அதில் இடம்பெற்றனர். பின்னர் விதிகள் இறுகின. மேசை போயிற்று, கை போயிற்று, முகமே எஞ்சிற்று.

இலங்கையில் 1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ், 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்படலாயிற்று. உயிர்களின் உருவத்தைப் படமாக்குதல் பற்றி உலமாக்களிடையே நெடுங்காலக் கருத்து வேறுபாடு உண்டென்பது யாவரும் அறிந்ததே. எனினும், படத்தை விரும்பாதோரும் அடையாள ஆவணத்துக்கான படத்தை 'ளரூரா' எனும் தவிர்க்கவியலாத் தேவையின்பாற்பட்டதாக ஏற்றனர். இதனால், சுவரில் எவருடைய படமும் தொங்காத வீட்டினுள்ளும் கறுப்பு வெள்ளை முகமொன்று அட்டையாக நுழைந்தது. முதிய பெண்கள் சிலருக்கு அதுவே வாழ்நாளில் எடுத்த ஒரே படமாகவும் இருந்திருத்தல் கூடும்.

அளவின் கணக்கு இங்கு நோக்கத்தக்கது. ஒஸ்கார் பார்னாக் வகுத்த லைக்கா கமராவின் சட்டகம் 24க்கு 36 மில்லிமீற்றர். விகிதம் இரண்டுக்கு மூன்று. இன்றைய கடவுச்சீட்டுப் படம் 35க்கு 45. விகிதம் ஏழுக்கு ஒன்பது. நிமிர்த்திப் பிடித்த முன்னதன் முழு அகலத்தையும் வைத்துப் பின்னதற்கு வெட்டின், உயரத்தில் ஏழிலொரு பங்கு கழிந்துவிடும். சதுரச் சட்டகமாயின் அகலத்தில் ஒன்பதில் இரண்டு பங்கு கழியும். இது மிகக் குறைந்த இழப்பேயாகும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் நியமப்படி முகம் படத்தின் உயரத்தில் 70 முதல் 80 வீதம்வரை நிறைதல் வேண்டுமாதலால், தோளுக்குக்கூட அதில் இடம் அரிது. சமயங் காரணமாக அணியும் முக்காட்டை அந்நியமம் விலக்கவில்லை. நாடி முதல் நெற்றி வரை முகத்தின் இரு ஓரங்களும் தெரிதல் வேண்டுமென்கின்றது. முக்காட்டின் விளிம்பு எங்கே நிற்கவேண்டுமென்பதை விமானப் போக்குவரத்து அமைப்பொன்று வகுக்க நேர்ந்தமை விந்தையே!

2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பதினாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. கரையோர வீடுகளோடு அல்பங்களும் அட்டைகளும் போயின. கடலுக்கு எட்டாத அலுவலகக் கோப்புகளில் ஒட்டப்பட்டிருந்த சிறு படங்கள் மட்டும் தப்பின. இறந்தவரை அடையாளங் காணவும் நினைவில் வைக்கவும் ஒரு குடும்பத்துக்கு எஞ்சியது அத்தகைய ஒரு முகமாயின், அதனை எத்தனை மடங்கு பெருப்பித்தாலும் அவரது கையோ, அருகில் நின்ற பிள்ளையோ அதில் தோன்றப்போவதில்லை.

ஆயின் பிலிம் காலத்து வெட்டு, படப்பிரதியில் நிகழ்ந்த வெட்டேயன்றி நெகட்டிவ்வில் நிகழ்ந்ததன்று. வெட்டுக்கு முந்திய முழுச் சட்டகமும், அமர்ந்த கதிரையும் மடிமேற் கிடந்த கைகளும் அதில் இருந்தபடியே இருக்கும். அலைக்கு எட்டாத படப்பிடிப்பு நிலையமொன்றின் பெட்டியில் அத்தகைய நெகட்டிவ்கள் இன்னமும் கிடக்குமாயின், 1972 க்குப் பிந்திய கல்முனை மாந்தரின் உடை, அணி, வீட்டுத் தளபாடம் ஆகியவற்றை ஆராய்வோருக்கு அவை அட்டைகள் சொல்லாத சான்றாக அமையும். உப்புக் காற்றும் ஈரமும் அவற்றை ஆண்டுதோறும் அரித்து வருகின்றன.