இழவு வாரம்

மூலக்கொத்தளம் என்ற பெயருக்குள் ஒரு கோட்டை மதில் ஒளிந்திருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களின் முற்றுகைக்குப் பிறகு, 18ஆம் நூற்றாண்டில், கறுப்பர் நகரத்தைச் சுற்றிக் கும்பினியார் எழுப்பிய மதிலின் மூலையில் இருந்த கொத்தளம் அது என்பார்கள். மதில் போய்விட்டது. மதிலுக்காக விதித்த வரியின் பெயர் மட்டும் வால்டாக்ஸ் சாலையாக நிற்கிறது. இன்று மூலக்கொத்தளம் என்றால் வடசென்னைக்காரர்களுக்கு நினைவு வருவது இடுகாடுதான். "என்னை மூலகொத்தளத்துக்குத் தூக்கினு போன பொறவு பேசிக்கோ" என்று கிழவிகள் சண்டையில் முத்தாய்ப்பு வைப்பதைக் கேட்டு வளர்ந்தவள் நான்.

அந்த இடுகாட்டில் அரசியல்வாதிகள் மாலையோடு வரும் நினைவிடங்கள் உண்டு. 1938இல் ராஜாஜி அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதை எதிர்த்துச் சிறை சென்ற நடராசன், 1939 ஜனவரி 15 அன்று இறந்தார். மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் விடுதலை என்று சொல்லப்பட்டபோது மறுத்தவர் அவர். இரண்டே மாதத்தில், மார்ச்சில், தாளமுத்து இறந்தார். இருவரையும் இங்கேதான் புதைத்தார்கள். சவ ஊர்வலங்கள் பெரும் கூட்டங்களாயின. எழும்பூரில் பல மாடிக் கட்டடம் ஒன்று இருவர் பெயரையும் சேர்த்துத் தாங்குகிறது. சில ஆண்டுகளுக்கு முன் இடுகாட்டு நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டப்போகிறார்கள் என்றதும் எழுந்த எதிர்ப்பில் முதலில் சொல்லப்பட்ட காரணமும் இந்தக் கல்லறைகள்தாம்.

நடராசன் மணமாகாதவர். தாளமுத்து மணமானவர். மனைவியின் பெயர் குருவம்மாள். நான் படித்த மொழிப்போர் நூல்களில் அந்தப் பெயர் ஒரு வரியில் வருகிறது, அடுத்த வரியில் போராட்டம் தொடர்கிறது. கணவன் சிறைக்குப் போனதை அவள் எப்படி எடுத்துக்கொண்டாள், உடலை யார் வந்து காட்டினார்கள், கூட்டம் கலைந்த பிறகு அவள் எந்த அடுப்பைப் பற்றவைத்தாள் என்பதெல்லாம் வரலாற்றுக்கு வேண்டாதவை. தியாகியின் மரணம் மக்கள் சொத்து. ஆனால் ராத்திரி பக்கத்தில் ஆளில்லாமல் போகும் பாயை மக்கள் பங்குபோட்டுக்கொள்ள முடியாதே.

ஆண் துணையை இழந்தால் கதை வேறு. 1933 மே 11 அன்று நாகம்மையார் மறைந்தபோது பெரியார் ‘குடி அரசு’ இதழில் எழுதிய தலையங்கம் தமிழ் உரைநடையின் மிக நல்ல இரங்கல்களில் ஒன்று என்றே நினைக்கிறேன். எதை இழந்தேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போய், கடைசியில் இந்த மரணத்தையும் நன்மையாக்கிக்கொள்ளப் பார்க்கிறார். மறுநாளே திருச்சியில் தடையை மீறி ஒரு திருமணத்தை நடத்திவைத்தார் என்பதையும் வியந்து சொல்வோம். வியக்கத்தக்கதுதான். ஆனால் மனைவியை இழந்தவர் மறுநாள் பொதுவேலைக்குப் போனால் உறுதி என்கிறோம். கணவனை இழந்தவள் மறுநாள் வாசல்படி தாண்டினால் என்ன சொல்வோம்?

இங்கேதான் மூலக்கொத்தளத்தில் நினைவிடம் கொண்ட இன்னொருவர் வருகிறார்: டாக்டர் எஸ். தருமாம்பாள். தஞ்சாவூருக்கு அருகே கருந்திட்டைக்குடியில் பிறந்தவர், சித்த மருத்துவர். 1938 நவம்பர் 13 அன்று சென்னையில் ஈ.வெ.ரா.வுக்குப் ‘பெரியார்’ என்ற பட்டத்தை முன்மொழிந்த பெண்கள் மாநாட்டின் முதுகெலும்பு அவர். மறுநாளே மூவலூர் இராமாமிர்தம் உள்ளிட்ட பெண்களோடு மறியல் செய்து கைதானார். அந்தப் போராட்டத்தில் 73 பெண்கள் சிறை சென்றார்கள், அவர்களோடு 32 குழந்தைகள். அவர் 1959இல் மறைந்தார்.

எனக்கு அவரிடம் பிடித்தது வேறொன்று. தமிழாசிரியர்களுக்குப் பிற பாட ஆசிரியர்களைவிடக் குறைந்த சம்பளம் என்ற நிலை இருந்தது. அதை எதிர்த்து 1940களில் அவர் அறிவித்த போராட்டத்துக்கு வைத்த பெயர் ‘இழவு வாரம்’. கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் இறங்கிவந்தார். இன்று நான் வாங்கும் சம்பளத்தில் அந்த வாரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. தலைவிரித்து மாரடித்து அழுவதைப் பெண்களுக்கென்று ஒதுக்கிய சமூகத்தில், ஒரு பெண் அந்த அழுகையையே மிரட்டலாகத் திருப்பிக் காட்டினார். உங்கள் வாசலில் வந்து ஒப்பாரி வைப்போம் என்றால் எந்த வீட்டுக்காரனும் பயப்படுவான். அது சாபம் போல ஒட்டும்.

தமிழ்நாடு அரசு 1975இல் தொடங்கிய விதவை மறுமண நிதியுதவித் திட்டத்துக்கு அவர் பெயரையே வைத்தது. திட்டத்தில் பிற்காலத்தில் தாலிக்கு 8 கிராம் தங்கமும் சேர்ந்தது. சுயமரியாதைக்காரப் பெண்ணின் பெயரில் தாலித் தங்கம். அந்த அம்மாள் சிரித்திருப்பார் என்று வைத்துக்கொள்கிறேன்.

தமிழ் இலக்கியம் கைம்பெண்ணை ஆதிமுதல் அறியும். புறநானூற்றின் 246ஆம் பாட்டில் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு, பிழிந்த சோறும் எள்துவையலும் பாயில்லாத பருக்கைக்கல் படுக்கையுமான வாழ்வைவிட ஈமத்தீ மேல் என்று சான்றோரிடம் வாதாடுகிறாள். தீப்பாய்தலின் பெருமை என்று அதை வகுப்பில் சொல்லித்தந்தார்கள். எனக்கு அது கைம்மையின் சமையல் குறிப்பாகவே படிகிறது. சாவைவிட மோசமான ஒரு சாப்பாட்டை எவனோ திட்டம்போட்டு வைத்திருக்கிறான். 256ஆம் பாட்டைப் பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. கணவனுக்குத் தாழி வனையும் குயவனிடம், எனக்கும் இடம் இருக்கும்படி வாய் அகலமாகச் செய் என்று அதில் ஒருத்தி கேட்கிறாள். வண்டிச் சக்கரத்தின் ஆரத்தில் ஒட்டிக்கொண்டு ஊர் ஊராக வந்த பல்லி என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறாள். ஒட்டிக்கொண்டிருந்த பல்லிக்குச் சக்கரம் எங்கெங்கே போய்வந்தது என்று தெரியுமா? எல்லா வழிகளும் தெரியுமா? ஆய்வேட்டில் நான் எழுதாமல் விட்ட கேள்வி அது, நெறியாளருக்குப் பிடிக்காது.

நாவல் என்ற வடிவம் வந்தபோது, கைம்பெண்ணே அதன் முதல் பிரச்சினைகளில் ஒன்றானாள். அ. மாதவையா 1892இல் ‘விவேக சிந்தாமணி’யில் ‘சாவித்திரி சரித்திர’மாகத் தொடங்கி, நின்றுபோய், 1903இல் ‘முத்துமீனாக்ஷி’யாக நூலாக்கியது ஒரு பிராமண விதவையின் தன்வரலாறு, ஆண் எழுதிய தன்வரலாறு. மறுமணத்தில் முடிகிறது. அது துணிச்சலான நூல். ஆனால் மொட்டையும் முக்காடும் மறுமணத் தடையும் எல்லாச் சாதிக் கைம்பெண்களின் கதையல்ல. அறுத்துக்கட்டும் வழக்கமுள்ள சாதிகள் வடசென்னையில் நிறைய. சீர்திருத்தக்காரர்கள் கொண்டாடிய 1856 விதவை மறுமணச் சட்டம், மறுமணம் செய்பவள் இறந்த கணவனின் சொத்தை இழப்பாள் என்றும் சொன்னது. 1983இல்தான் அதை நீக்கினார்கள். இராயபுரத்து மீன் விற்கும் பெண்ணுக்கோ மூட்டை தூக்குபவன் பெண்டாட்டிக்கோ கைம்மை என்பது பதினோராம் நாள் கூடையைத் தலையில் ஏற்றுவது. அவளை அறையில் அடைக்க அவள் வீட்டில் இரண்டாவது அறை கிடையாது.

அவளுக்கு நேர்வது வேறு: சாவுப் பந்தலில் ரகசியங்கள் வெளியே வரும்.

பெருமாள்முருகனின் ‘ஆலவாயன்’ நாவலை வகுப்பில் பேசும்போது இது எனக்குத் தெளிவாயிற்று. ‘மாதொருபாக’னுக்கு அவர் எழுதிய இரண்டு தொடர்ச்சிகளில் ஒன்று அது. ‘அர்த்தநாரி’யில் காளி உயிரோடிருக்கிறான். ‘ஆலவாய’னில் தூக்கில் தொங்கிவிடுகிறான். பொன்னா வயிற்றில் பிள்ளை. காளியைப் போன துக்கம் ஒருபுறம், அவன் போனதற்கு நான்தான் காரணமோ என்ற அறுப்பு மறுபுறம். இதற்கு நடுவே அந்தப் பிள்ளைக்கு ஊர் முன்னால் காளியே தகப்பன் என்று நிலைநாட்ட வேண்டியிருக்கிறது. மாமியார் சீராயிதான் அந்தப் பொறுப்பைச் சுமக்கிறாள். மகனைப் பறிகொடுத்தவள் மருமகளின் ரகசியத்துக்குக் காவல் நிற்கும் அந்தப் பகுதிகள் எனக்கு மிக முக்கியமானவை. குடும்ப மானம் என்று ஆண்கள் கத்துவதை, இரண்டு கைம்பெண்கள் அடுப்படியில் உட்கார்ந்து கையில் எடுத்துக்கொள்கிறார்கள். மாதொருபாகன் சர்ச்சையில் மூன்று நூல்களுமே மறைந்துபோகும் நிலை வந்தது. 2015 ஜனவரியில் ஆசிரியர் எழுத்தாளனாகத் தான் இறந்துவிட்டதாக அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு அவரை மீட்டது. பிள்ளைக்குத் தகப்பன் யார் என்ற கேள்வி புனைவில் வந்தாலே நம் ஊர் எப்படிப் பதறுகிறது பாருங்கள்.

வகுப்பில் மாணவிகள் பதறவில்லை. "பொன்னாவுது மேல் மேடம், எங்க அத்த வூட்டுல சாவு அன்னைக்குத்தான் இன்னோர் குடும்பம் இருக்குறதே தெரிஞ்சிது" என்றாள் ஒருத்தி. பின்வரிசையில் இருந்து இன்னும் இரண்டு கைகள் உயர்ந்தன.

என் பெரியப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். 1990களின் நடுவில் மாரடைப்பில் போனார். பெரியம்மாவுக்கு மூன்றும் பெண்கள். பந்தலில் பெண்கள் வட்டமாகக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தபோது, திருவொற்றியூரிலிருந்து மாலையோடு ஒரு பெண் வந்தாள், பன்னிரண்டு வயதுப் பையனைப் பிடித்துக்கொண்டு. பையனின் நெற்றியும் காதும் பெரியப்பாவே. ஒப்பாரி சட்டென்று நின்றது. சாவு மேளம் மட்டும் வெளியே அடித்துக்கொண்டிருந்தது. பிறகு பெரியம்மா தனியாகக் குரலெடுத்தாள். பன்னிரண்டு வருஷம் நைட் ஷிஃப்ட்டு நைட் ஷிஃப்ட்டு என்றாயே, அந்த ஷிஃப்ட்டு இங்கே நடந்து வந்திருக்கிறதே என்று, அதே ராகத்தில், அதே இழுப்பில். யாரும் வாயைத் திறக்கவில்லை. ஒப்பாரியில் சொன்னதற்குச் சண்டை போட முடியாது. பெண்கள் அதை அழவைத்துக் காசு வாங்கும் கலையாக வைத்திருக்கவில்லை. வேறெங்கும் பதிவாகாத வழக்குகளை அவர்கள் பதிவு செய்யும் இடம் அது. இரவு முழுக்க ஆண்கள் பாடும் மரண கானாவுக்கு இன்று ஆய்வாளர்களும் ஒலிப்பதிவுகளும் உண்டு. பெண்களின் அந்தப் பதிவேடு பிணம் எடுத்ததோடு மூடப்படுகிறது.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் விசேஷம். கொள்ளிச் சட்டி தூக்க ஆண்பிள்ளை வேண்டும். அண்ணன் தம்பி மகன்களில் யார் என்று காலையிலிருந்து நடந்த பஞ்சாயத்து ஐந்து நிமிடத்தில் முடிந்தது. "ரத்தம்தானே" என்றார் ஒரு மாமா. அதுவரை பேரே தெரியாத பையனுக்கு மொட்டை போட்டு, நனைந்த வேட்டி கட்டி முன்னால் நடக்கவிட்டார்கள். பெற்ற பெண்கள் மூவரும் தெருமுனையோடு திரும்பினார்கள், நாங்களும்தான். மூலக்கொத்தளத்துக்குள் போனது ஆண்கள். பத்தாம் நாள் தாலி வாங்கும்போது, வந்தவளுக்கும் கழற்ற வேண்டுமா வேண்டாமா என்று கிழவிகள் தர்க்கம் செய்தார்கள். "அது அவ கய்த்துல கீது. அவ இஷ்டம்" என்று பெரியம்மா முடித்துவைத்தாள்.

பிறகு காகிதம் வந்தது. பெரியப்பாவின் பணம் வர வாரிசுச் சான்றிதழ் வேண்டும். இரண்டாம் தாரத்தை மதராஸ் மாகாணம் 1949லேயே தடைசெய்துவிட்டது, 1955 இந்துத் திருமணச் சட்டம் நாடு முழுவதற்கும் அதைச் செய்தது. ஆக, வந்தவள் சட்டத்தின் கண்ணில் விதவையே இல்லை. ஆனால் செல்லாத திருமணத்தின் பிள்ளையை அச்சட்டத்தின் 16ஆம் பிரிவு சட்டப்படியான பிள்ளையாக ஏற்கிறது, பெற்றோரின் சொத்தில் பங்கும் தருகிறது. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கூட்டுக் குடும்பச் சொத்தில் தகப்பனுக்கு வரவேண்டிய பங்கிலும் அந்தப் பிள்ளைக்கு உரிமை உண்டு என்று தெளிவுபடுத்தியது. எங்கள் வீட்டில் யாருக்கும் 16ஆம் பிரிவு தெரியாது. கொள்ளிக்கு ரத்தம் என்ற மாமாவே, காகிதத்தில் அந்தப் பேச்சே எடுக்கக்கூடாது என்று பெரியம்மாவுக்குச் சொல்லிவைத்தார். சண்டையில்லாத ஒரே யோசனை, எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

விசாரணைக்கு வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து பெயர்களை எழுதினார். மனைவி, மூத்த மகள், நடு மகள், கடைசி மகள். மாமனார் மாமியார் ஏற்கனவே போய்விட்டார்கள். வேறு யாராவது உண்டா என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். பெரியம்மா கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு பையனின் பெயரைச் சொன்னாள், வயதையும் சொன்னாள். "சட்டி தூக்குனவன், எழுதிக்கோங்க சார்."

நடு அக்கா இரண்டு வருஷம் அவளோடு பேசவில்லை. ஆளுக்கு நாலில் ஒன்று வரவேண்டியது ஐந்தில் ஒன்றானதை அவள் இன்றைக்கும் கணக்குப் போட்டுச் சொல்வாள், கணக்கில் தப்பு இல்லை.