ஸ்டோமா பையுடன் விமானத்தில் பயணிக்கலாமா? அறிய வேண்டியவை

கல்யாண்: குடல் புற்றுநோய் உள்ளிட்ட காரணங்களால் அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் சிலருக்கு, வயிற்றில் செயற்கைத் திறப்பு (ஸ்டோமா) அமைக்கப்பட்டு, கழிவைச் சேகரிக்கப் பை பொருத்தப்படுகிறது. மும்பை பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுவிட்டுத் தமிழகம் திரும்புவோருக்கும், கல்யாண், தாராவி, செம்பூர் பகுதிகளில் இருந்து சொந்த ஊர் செல்லும் தமிழர்களுக்கும் பயணம் குறித்த தயக்கம் எழுவது இயல்பு. சென்னைக்கு ரயிலில் ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். விமானத்தில் சுமார் இரண்டு மணி நேரமே. எனினும், நடுவானில் பை வெடித்துவிடுமோ என்ற அச்சம் பலரைத் தடுக்கிறது.

பை வெடிக்குமா?

வெடிக்காது. விமானத்தின் உட்பகுதியில் 6,000 முதல் 8,000 அடி உயரத்திற்கு நிகரான காற்றழுத்தம் நிலவும். இது ஏறத்தாழ ஊட்டியின் உயரம். இந்த நிலையில் வாயு அதிகபட்சமாக மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு விரிவடையும். ஆகவே பை சற்று உப்பலாம். வடிகட்டி உள்ள பையைப் பயன்படுத்துவதும், விமானம் ஏறும் முன் பையைக் காலி செய்வதும், குளிர்பானங்களைத் தவிர்ப்பதும் போதுமானவை.

எப்போது பயணிக்கலாம்?

உண்மையான ஆபத்து பையில் இல்லை; ஆறாத குடலில் உள்ளது. குடலுக்குள் உள்ள வாயுவும் விரிவடைவதால் புதிய தையல்கள் பாதிக்கப்படலாம். பெரிய வயிற்று அறுவை சிகிச்சைக்குப் பின் 10 நாள்கள் காத்திருக்குமாறு பிரிட்டன் விமானப் போக்குவரத்து ஆணையம் அறிவுறுத்துகிறது. சிக்கல்கள் இருந்தால் மேலும் தாமதமாகலாம். அறுவை சிகிச்சை நிபுணரின் ஒப்புதல் அவசியம். அண்மையில் சிகிச்சை பெற்றவர்களிடம் விமான நிறுவனங்கள் மருத்துவச் சான்று கேட்கக்கூடும்.

கைப்பையில் என்ன இருக்க வேண்டும்?

வழக்கமான தேவையைப் போல் இரு மடங்கு பைகள், துடைப்புத் துணிகள், மாற்றுடை, மருத்துவரின் கடிதம் ஆகியவற்றைக் கைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும். சரக்குப் பெட்டி தாமதமானாலும் இவை கைகொடுக்கும். கத்தரிக்கோல் சோதனையில் பறிமுதல் செய்யப்படலாம் என்பதால், பையின் ஒட்டும் தட்டை வீட்டிலேயே அளவுக்கு வெட்டிக்கொள்வது நல்லது.

பாதுகாப்புச் சோதனையில்

ஸ்டோமா இருப்பதைப் பாதுகாப்புப் படையினரிடம் முன்கூட்டியே தெரிவித்து, தனியறையில் சோதிக்குமாறு கோரலாம். இதில் கூச்சப்பட ஏதுமில்லை.

இருக்கையைக் கழிப்பறைக்கு அருகே, நடைபாதை ஓரமாகத் தேர்வு செய்வது வசதியானது. சிறுகுடலில் திறப்பு உள்ளவர்களுக்கு நீரும் உப்பும் விரைவில் இழக்கப்படும் என்பதால், பயணத்தின்போது உப்பு–சர்க்கரைக் கரைசல் அருந்துவது குறித்து மருத்துவரிடம் முன்பே கேட்டறிய வேண்டும்.