நீர்வழிப் பராமரிப்பும் நிலவுரிமையும்: கேமரன் மலையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஆற்றங்கரையிலோ கால்வாய்க் கரையிலோ அமைந்த வீட்டை வாங்குவோர் அதன் விலையை விசாரிப்பர், நிலப்பட்டாவைப் பார்வையிடுவர். அந்நீர்வழியைத் தூர்வாரிக் கரைகட்டிக் காக்கும் செலவு யாரைச் சார்ந்தது என்னும் வினாவை எழுப்புவோர் மிகச் சிலரே. விற்போரும் அதனைத் தாமாக எடுத்துரைப்பதில்லை. இவ்வினா புதியதன்று. தமிழ் மண்ணில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதற்கு விடை காண முயன்றுள்ளனர். நெதர்லாந்தில் 13ஆம் நூற்றாண்டு முதல் நீர்வாரியங்கள் நிலமுடையோரிடம் தனி வரி பெற்று அணைகளையும் கால்வாய்களையும் காத்து வந்துள்ளன.

பராமரிப்புக் கட்டணம் நீரின் விலையன்று. படிந்த மண்ணை அகற்றும் உழைப்பின் விலையே அது. அச்சுமை நிலத்தைத் தொடர்கிறதா, ஆளைத் தொடர்கிறதா என்பதை வைத்தே ஒரு சமூகம் தன் நீர்வழிகளை எவ்வாறு காத்தது என்பதை மதிப்பிட இயலும். கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களையும் ரிங்லெட் நீர்த்தேக்கத்தையும் முன்வைத்து இக்கருத்தை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

தமிழகத்து மரபு

உத்திரமேரூரில் முதற் பராந்தகன் காலத்தில் பொறிக்கப்பட்ட 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் பெரிதும் பேசப்படுகின்றன. அவை நீர்நிலைப் பராமரிப்பின் ஆவணங்களுமாகும் என்பது நோக்கத்தக்கது. ஏரி வாரியத்திற்கு அறுவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். உறுப்பினராவதற்குக் கால் வேலிக்கு மேற்பட்ட வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் கட்டிய வீடும் வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் இடம்பெற இயலாது. நீரால் பயன்பெறும் நிலத்தை உடையவரே அதன் பராமரிப்புக்குப் பொறுப்பாளர் என்பதும், அப்பொறுப்பு கணக்குக்கு உட்பட்டது என்பதும் இவ்விதிகளால் புலனாகின்றன.

பராமரிப்புக்கான பொருள் இரு வழிகளில் திரட்டப்பட்டது. ஏரிப்பட்டி என்னும் நிலத்தின் வருவாய் ஏரியைக் காக்கவே ஒதுக்கப்பட்டது. ஏரி ஆயம் என்பது அதற்கெனத் தண்டப்பட்ட வரியாகும். இவற்றுடன் வெட்டி, அமஞ்சி என்னும் ஊதியமற்ற உழைப்புக் கடமைகளும் நிலவின. இந்த ஏற்பாடுகள் முற்றிலும் சமத்துவமானவை எனக் கூறுவதற்கில்லை. வாரியத்தில் அமர்ந்தவர் நிலவுடைமையாளர். மண்வெட்டி பிடித்தவர் பெரும்பாலும் நிலமற்றவர். ஆயினும் பராமரிப்புச் சுமை ஊரறிந்த ஒன்றாக இருந்தது. அது கல்லில் எழுதப்பட்டது.

ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்வழக்கம் குடிமராமத்து என அறியப்பட்டது. பெரிய பழுதுகளை அரசும் சிறிய பழுதுகளைக் குடிகளும் பார்த்துக்கொள்வது என்பது அதன் பொதுவான ஏற்பாடு. 1858ஆம் ஆண்டுச் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் இவ்வழக்கத்திற்குச் சட்ட வடிவம் தந்தது. வழக்கப்படி தர வேண்டிய உழைப்பைத் தராதவரிடமிருந்து அவ்வுழைப்பின் மதிப்பைப் போல் இரு மடங்கு தொகையைப் பெறலாம் என அது விதித்தது. உழைப்புக் கடமை பணக் கட்டணமாக மாறும் வரலாற்றுத் தருணமாக இதனைக் கொள்ளலாம்.

மலாயாவின் சட்டங்கள்

மலாயாவில் வடிகால், நீர்ப்பாசனத் துறை 1932இல் தோற்றுவிக்கப்பட்டது. 1953ஆம் ஆண்டு நீர்ப்பாசனப் பகுதிகள் சட்டமும் 1954ஆம் ஆண்டு வடிகால் பணிகள் சட்டமும், அரசு வரையறுத்து அறிவிக்கும் பகுதிக்குள் அமைந்த நிலங்களின்மீது கட்டணம் விதிக்க வழிவகுத்தன. வரையறுக்கப்பட்ட பகுதி, அதனுள் அமைந்த நிலம், அந்நிலத்தின்மேல் கட்டணம் என்னும் இவ்வமைப்பு ஏரி ஆயத்தின் தருக்கத்திற்கு நெருக்கமானது.

1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தையும் இங்கு நோக்குதல் வேண்டும். அச்சட்டத்தின்படி நிலவரி நிலுவையில் இருப்பின், அறிவிப்பு விடுத்த பின்னர் நிலத்தையே அரசு திரும்ப எடுத்துக்கொள்ள இயலும். இது முந்தைய உரிமையாளர் காலத்துக் கடன் என்று வாங்கியவர் கூறித் தப்புதல் அரிது. அதாவது, நிலவரி ஆளைவிட நிலத்தையே தொடர்கிறது. ஆனால் இத்தொடர்ச்சிக்குப் பட்டா இன்றியமையாதது. பட்டா இல்லாத இடத்தில் சுமையைத் தாங்கிச் செல்ல ஆவணமும் இல்லை. கேமரன் மலையின் சிக்கல் இங்கேயே தொடங்குகிறது.

தோட்டமும் அணையும்

வில்லியம் கேமரன் 1885இல் அளந்தறிந்த இம்மலைப்பகுதியில் ஜே. ஏ. ரசல் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து மலைக்குச் செல்லும் சாலை 1931இல் நிறைவுற்றது. தோட்டங்களில் காடழித்துச் செடி நட்டு, கொழுந்து பறித்தவர்களுள் பெரும்பாலோர் தமிழர். கொழுந்து பறித்தலைப் பற்றி எழுதிய அளவுக்கு அவர்களுடைய மற்றொரு வேலையைப் பற்றி எவரும் எழுதவில்லை. மலைச்சரிவில் தேயிலை நிலைக்க வேண்டுமாயின் மழைநீர் ஓடுவதற்குச் சரிவின் குறுக்கே வடிகால் வெட்ட வேண்டும். ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் அதில் நிறைந்த மண்ணை வாரி மேலே போட வேண்டும். தமிழகத்துச் சிற்றூரில் குடிமராமத்தாகச் செய்யப்பட்ட வேலை இங்கே கூலி வேலையாயிற்று. ஊரில் அவ்வுழைப்பு ஏரிநீரின்மீது ஓர் உரிமையையேனும் நிலமுடைய குடிக்கு ஈட்டித் தந்தது. தோட்டத்தில் நாட்கூலிக்கு அப்பால் அது எவ்வுரிமையையும் தரவில்லை.

1958இல் உலக வங்கி மலாயாவின் மத்திய மின்சார வாரியத்திற்கு 3 கோடியே 56 இலட்சம் அமெரிக்க டாலர் கடன் வழங்கியது. அந்நிதியின் துணையுடன் கேமரன் மலை நீர்மின் திட்டம் உருவானது. ரிங்லெட்டில் சுல்தான் அபு பாக்கார் அணை 1963இல் நிறைவெய்தியது. பெர்த்தாம், தெலோம் ஆறுகளின் நீர் சுரங்கவழியாகப் பேராக் மாநிலத்தின் பக்கம் திருப்பப்பட்டு மின்சாரமாயிற்று.

அணை கட்டப்படுவதற்கு முன்பே ஓர் எச்சரிக்கை பதிவாகியிருந்தது. மின்சார வாரியத்திற்காக ஷாலோ 1956இல் அளித்த அறிக்கை, காட்டு ஓடைகளைவிடத் தேயிலை நிலத்து ஓடைகள் பன்மடங்கு மண்ணைச் சுமந்து வருவதையும், காய்கறித் தோட்டத்து ஓடைகள் அதனினும் மிகுதியாகச் சுமந்து வருவதையும் அளந்து காட்டியது. ஆகவே பழியைக் காய்கறி விவசாயிகள்மீது மட்டும் சுமத்துதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. தொடக்கத்தில் காடழித்த தேயிலைக்கும் அதில் பங்குண்டு. எனினும், வேரூன்றி நிலத்தை மூடிய தேயிலைச் செடி, ஆண்டுக்குப் பலமுறை கிளறப்படும் காய்கறிப் பாத்தியைவிட மண்ணை நன்கு பிடித்து வைக்கும் என்பதையும் மறுப்பதற்கில்லை.

60 இலட்சம் கனமீட்டருக்கு மேல் கொள்ளும்படி வடிவமைக்கப்பட்ட நீர்த்தேக்கத்தில் வண்டல் தொடர்ந்து படிந்தது. அதனை வாரி அப்புறப்படுத்தும் செலவு மின்சார நிறுவனத்தைச் சேர்ந்தது. மண்ணை அனுப்பிய நிலங்களோ அதற்கெனத் தனிக் கட்டணம் எதனையும் தாங்கவில்லை. 1960ஆம் ஆண்டு நிலப் பாதுகாப்புச் சட்டம் மலைநிலத்தைத் திருத்துவதற்குத் தடைகளை விதித்தது. வண்டலின் விலையை நிலத்தோடு பிணைக்கவில்லை.

மேலும், காய்கறி நிலங்கள் பல நெடுங்காலம் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தின்கீழ் இருந்தன. அவ்வுரிமம் அந்த ஆண்டின் இறுதிக்கு அப்பால் செல்லாது. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. தேசிய நிலச் சட்டத்தின்படி அதனைப் பிறருக்கு மாற்ற இயலாது. உரிமதாரர் இறந்தால் அதுவும் முடிவடையும். அடுத்த ஆண்டு தமதாக இருக்குமோ என்று அறியாத நிலத்தில் பத்தாண்டு நிற்கும் வடிகாலை எவர் கட்டுவர்? இதனை விவசாயியின் ஒழுக்கக் குறைவாகக் காண்பதைவிட உரிமை முறையின் விளைவாகக் காண்பதே பொருத்தமுடையது.

2013 அக்டோபர் 23ஆம் நாள் பின்னிரவில், கனமழையால் நிரம்பிய அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. கீழ்ப்பகுதியிலுள்ள பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளும் வாகனங்களும் வெள்ளத்தில் சிக்கின, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. வண்டல், கரையோர ஆக்கிரமிப்பு, காடழிப்பு, அணை இயக்கம் எனப் பல காரணங்கள் விவாதிக்கப்பட்டன. அவற்றின் விகிதத்தை அளப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. மேலே எவரும் செலுத்தாத பராமரிப்புக் கட்டணம் மறைந்துவிடுவதில்லை. அது கீழே இருப்பவரிடம், முன்னறிவிப்பின்றி, ஒரே இரவில் வசூலிக்கப்படுகிறது என்பதே நாம் இங்குக் கருதுவது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, பராமரிப்புச் சுமை நிலத்தோடு பிணைக்கப்பட்டு வெளிப்படையாக இருந்த இடங்களில் நீர்வழிகள் நீண்டகாலம் நிலைத்தன. இரண்டாவது, உழைப்புக் கடமை கட்டணமாகவும் கூலியாகவும் மாறியபோது, அதனைச் செய்தவர்க்கும் நீர்வழிக்கும் இருந்த உறவு அறுந்தது. மூன்றாவது, உரிமை நிலையற்றதாகும்போது பொறுப்பும் நிலையற்றதாகிறது.

இவ்வரலாறு இன்றைய நம்மவர்க்குப் புறம்பானதன்று. தோட்டத்து லயத்தில் பிறந்து, ஓய்வுபெற்றதும் அவ்வீட்டை விட்டு நீங்க வேண்டிய குடும்பங்கள், தலைமுறைகளில் முதன்முறையாகச் சொந்த வீடு வாங்குகின்றன. விலை குறைவென்று ஆற்றோரத்தையோ பள்ளத்தையோ நாடுவதும் உண்டு. அவர்கள் கையெழுத்திடுவதற்கு முன் மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும். இந்நிலம் பட்டா உடையதா, அல்லது உரிமமோ ஆற்றோர ஒதுக்கு நிலமோ? நிலவரியும் வடிகால் முதலிய கட்டணங்களும் நிலுவையின்றி உள்ளனவா? கரையையும் வடிகாலையும் காப்பவர் யார், அதற்கு யார் பணம் தருகின்றனர்? அடுக்குமாடி வீடாயின், 2013ஆம் ஆண்டு அடுக்குமனை நிருவாகச் சட்டத்தின்படி பராமரிப்புக் கட்டணமும் அதன் பத்து விழுக்காட்டளவில் சேமநிதியும் செலுத்த வேண்டும். நிலுவைத் தொகையைக் காட்டும் சான்றிதழை நிருவாக அமைப்பிடமிருந்து பெறவும் வழியுண்டு.

பராமரிப்புக் கட்டணத்தை வீண் செலவெனக் கருதுவோர் உளர். கட்டணம் எதுவும் இல்லாத கரையோர வீடே கூடுதல் ஐயத்திற்குரியது என்பதைக் கேமரன் மலையின் வரலாறு நமக்கு உணர்த்துகிறது. ஏரி வாரியத்தார் கணக்குக் காட்ட வேண்டியிருந்ததைப்போல், செலுத்திய கட்டணத்திற்குக் கணக்குக் கேட்பதும் வாங்குவோரின் உரிமையாகும். அவ்வுரிமை, தலைமுறைகளாக வடிகால் வெட்டியும் ஒரு முழ நிலமும் பெறாதவர்களின் வழித்தோன்றல்களுக்குக் காலந்தாழ்ந்து வந்து சேர்ந்துள்ளது.