குழந்தைக்கான உயிலும் காப்பாளர் நியமனமும்: வரலாறு

பெற்றோர் இறந்தால் மைனர் குழந்தையை யார் வளர்ப்பது, குழந்தையின் சொத்தை யார் பார்த்துக்கொள்வது என்பதைப் பெற்றோரே முன்கூட்டி எழுதிவைப்பது காப்பாளர் நியமனம். இது பெரும்பாலும் உயில் வழியாகச் செய்யப்படுகிறது. இந்தியாவில் இந்த உரிமை ஒரே நாளில் வந்ததல்ல. உயில் எழுதும் உரிமை, பிறவாத குழந்தைக்குச் சொத்து எழுதும் உரிமை, காப்பாளராகும் தாயின் உரிமை என ஒவ்வொன்றும் சட்டங்கள், வழக்குகள் வழியே தனித்தனியாகக் கிடைத்தவை. இவற்றில் மிகத் தாமதமாக வந்தது தாயின் உரிமை.

இங்கிலாந்துப் பின்னணி

இங்கிலாந்தின் நிலமானிய முறையில், நிலம் வைத்திருந்தவர் இறந்தால் அவருடைய மைனர் வாரிசும் நிலத்தின் வருமானமும் மேலுள்ள பிரபுவின் பொறுப்பில் சென்றன. 1660-இல் இயற்றப்பட்ட சட்டம் இந்த முறையை ஒழித்தது. தந்தை தன் குழந்தைகளுக்கு உயில் மூலம் காப்பாளரை நியமிக்கலாம் என்றும் அது அறிவித்தது. கருவில் இருக்கும் குழந்தைக்கும் இது பொருந்தியது. ஆனால் தாய்க்கு அந்த அதிகாரம் இல்லை. தந்தை வேறொருவரை எழுதிவைத்தால், பெற்ற தாய் உயிரோடிருந்தும் குழந்தை அவர் பொறுப்பில் இல்லாமல் போகலாம். 1886-ஆம் ஆண்டுச் சட்டம்தான் தந்தைக்குப் பின் தாயைக் காப்பாளராக ஏற்றது. உயில் வழி நியமனத்தில் தாய்க்குத் தந்தையோடு சம உரிமை 1925-இல் கிடைத்தது.

இந்தியாவில் உயில்

'உயில்' என்ற சொல் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்தது. இந்துக் கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் இறந்தால் அவர் பங்கு எஞ்சிய பங்காளிகளைச் சேர்ந்தது. குழந்தைகளும் குடும்பத் தலைவரின் பொறுப்பில் வளர்ந்தனர். அதனால் உயிலுக்குத் தேவை எழவில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் நகரங்களில் தனிச் சம்பாத்தியம் பெருகியபோது உயில் வழக்கமாயிற்று. சென்னை மாகாணத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 1856-இல் பிரிவி கவுன்சில் இந்துக்கள் உயில் எழுதும் உரிமையை ஏற்றது.

1865-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பொருந்தவில்லை. 1870-ஆம் ஆண்டு இந்து உயில்கள் சட்டம், வங்காளத்தின் கீழ் மாகாணங்களிலும் சென்னை, பம்பாய் நகரங்களிலும் இந்து உயிலுக்கு எழுத்து வடிவம், கையொப்பம், இரண்டு சாட்சிகள் ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. இந்த விதி 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் இன்றும் உள்ளது.

பிறவாத குழந்தையின் பங்கு

கல்கத்தாவின் பிரசன்ன குமார் தாகூர் தன் மகன் ஞானேந்திரமோகன் கிறிஸ்தவராக மாறியதால், அவரை விலக்கிவிட்டு, இனிப் பிறக்கப்போகும் வாரிசுகள் வரை சொத்தை எழுதிவைத்தார். வழக்கு பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. உயில் எழுதியவர் இறக்கும்போது பிறந்திராத, கருவிலும் இல்லாத ஒருவருக்கு இந்துச் சட்டப்படி சொத்து எழுத முடியாது என 1872-இல் தீர்ப்பானது.

இதனால் பேரன், பேத்திகளை நினைத்து எழுதிய பல உயில்கள் செல்லாமல் போயின. இத்தடையை நீக்கச் சென்னை மாகாணம் 1914-இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. 1916-இல் நடுவண் சட்டமும், சென்னை நகருக்கென 1921-இல் மற்றொரு சட்டமும் வந்தன.

காப்பாளர் சட்டங்கள்

1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டம், நீதிமன்றம் காப்பாளரை நியமிக்கும்போது குழந்தையின் நலனைக் கருதவேண்டும் என்றது. ஆனால் தந்தை தகுதியற்றவர் எனக் காட்டப்படாதவரை வேறொருவரை நியமிக்க அது இடம்தரவில்லை.

1956-ஆம் ஆண்டு இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம், 'தந்தை, அவருக்குப் பின் தாய்' இயற்கைக் காப்பாளர் என்றது. ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்கவேண்டும் என்றது. தந்தை உயிலில் வேறொருவரை நியமித்திருந்தாலும், தாய் உயிரோடிருந்தால் அந்த நியமனம் செல்லாது. தாயும் யாரையும் நியமிக்காமல் இறந்தால் மட்டுமே அது மீண்டும் உயிர்பெறும். இயற்கைக் காப்பாளரே ஆனாலும் மைனரின் வீட்டையோ நிலத்தையோ நீதிமன்ற அனுமதியின்றி விற்க முடியாது.

கீதா ஹரிஹரன் வழக்கு

கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன் 1984-இல் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரங்கள் வாங்க விண்ணப்பித்தார். காப்பாளராகத் தானே கையெழுத்திட்டார். தந்தையின் கையெழுத்து வேண்டும் என்று விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டது. தாயே காப்பாளர் என்று தந்தையும் ஒப்புக்கொண்டிருந்தபோதும் சட்டத்தின் சொற்கள் தடையாக நின்றன.

1999-இல் உச்ச நீதிமன்றம் 'அவருக்குப் பின்' என்ற சொல்லுக்கு 'தந்தை இறந்த பின்' என்று மட்டும் பொருளல்ல என்றது. தந்தை பொறுப்பேற்காதபோதும், இருவரும் ஒப்புக்கொண்டபோதும் தாய் காப்பாளராகலாம் என விளக்கியது. சட்டத்தின் வாசகம் மாறவில்லை. அதன் பொருள் மாறியது. 2010-இல் 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தந்தையோடு தாயும் சேர்க்கப்பட்டார். மணமாகாத தாய், தந்தைக்கு அறிவிப்பு அனுப்பாமலே காப்பாளராகலாம் என 2015-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நாமினியும் வாரிசும்

காப்பீட்டில் நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே, அதன் உரிமையாளர் அல்லர் என 1983-இல் உச்ச நீதிமன்றம் சர்பதி தேவி வழக்கில் கூறியது. பணம் வாரிசுகளுக்கே உரியது. 2015-இல் காப்பீட்டுச் சட்டம் திருத்தப்பட்டு, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியானால் அவர்களுக்கே உரிமை என்றானது. நாமினி மைனராக இருந்தால் அவர் சார்பில் பணம் பெற ஒரு பெரியவரையும் குறிப்பிடலாம்.

மின்னணு உடைமைகள்

குழந்தையின் முதல் புகைப்படங்கள் இன்று பெரும்பாலும் ஆல்பத்தில் இல்லை. பெற்றோரின் கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருக்கின்றன. கூகுள் 2013-இலும், ஃபேஸ்புக் 2015-இலும், ஆப்பிள் 2021-இலும் இறந்தவரின் கணக்குக்குப் பொறுப்பாளரைக் குறிப்பிடும் வசதியைத் தந்தன. இறந்துபோன மகளின் ஃபேஸ்புக் கணக்கு, கடிதங்களையும் நாட்குறிப்பையும் போலவே வாரிசுகளான பெற்றோரைச் சேரும் என 2018-இல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்தியாவில் 2023-ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, இறப்புக்குப் பின் தன் தரவு உரிமைகளைப் பயன்படுத்த ஒருவரை நியமிக்கலாம் என்கிறது. ஆனால் 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டம் உயிலைத் தன் வரம்பிலிருந்து விலக்கியுள்ளது. கைப்பேசியில் தட்டச்சு செய்து சேமித்த உயில் போதாது. தாளும் கையொப்பமும் இரண்டு சாட்சிகளும் வேண்டும்.

மதிப்பீடு

இந்த வரலாற்றில் வந்த மாற்றங்கள் பலவும் யாரோ ஒருவர் எழுதிவைத்தது செல்லாமல் போனதாலோ, எழுதிவைக்காமல் போனதாலோ, ஒரு தாயின் கையெழுத்து ஏற்கப்படாததாலோ வந்தவை. அந்தக் கையெழுத்து இன்று செல்லும். எனினும் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'தந்தை, அவருக்குப் பின் தாய்' என்ற வாசகம் அப்படியே உள்ளது.