17 பேரிலிருந்து 5 இலட்சம் பேர் வரை: மலேரியா தந்த பாடம்



"மலேரியாவா? அதுதான் நம்ம நாட்டில இல்லையே" என்று பலரும் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் நம் நாடு ஒருமுறை இப்படி நம்பி ஏமாந்த வரலாறு இருக்கிறது.

1934இல் மழை பொய்த்தது. ஆறுகள் வற்றிக் குட்டைகளாகின. அவற்றில் நுளம்பு பெருகியது. கேகாலை, குருநாகல் பகுதிகளில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். சில மாதங்களுக்குள் நாட்டில் சுமார் 80,000 பேர் இறந்தார்கள்.

அந்தக் காலத்தில் பாடசாலைப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டு, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். எத்தனை பிள்ளைகளுக்கு வீக்கமோ, அதை வைத்து அந்தப் பிரதேசத்தின் மலேரியாவை அளந்தார்கள். பிறகு இரத்தப் பரிசோதனை பரவலானது. 1946இலிருந்து வீட்டுச் சுவர்களுக்கு டீ.டீ.டீ. தெளித்தார்கள். அந்த ஆண்டில் சுமார் 28 இலட்சமாக இருந்த நோயாளர் தொகை, 1963இல் வெறும் 17. அதிலும் 11 பேர் வெளிநாட்டிலிருந்து நோயோடு வந்தவர்கள்.

"முடிந்தது" என்று நினைத்தார்கள். மருந்து தெளிப்பது நின்றது. காய்ச்சல்காரரைத் தேடிப்போய் இரத்தம் எடுக்கும் வேலையும் தளர்ந்தது. சில ஆண்டுகளில் மழை மீண்டும் குறைந்தது, ஆறுகள் மீண்டும் குட்டையாகின. 1969இல் மட்டும் 5 இலட்சத்துக்கும் அதிகமானோர் நோயில் விழுந்தார்கள்.

அதிலிருந்து மீள நாற்பது வருடங்களுக்கு மேல் எடுத்தது. மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்படும் முன், உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அதே வருடக் கடைசியில் மன்னாரில் புதிய வகை மலேரியா நுளம்பு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. இந்திய நகரங்களில் மலேரியா பரப்புவது இதுதான். கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் இது முட்டையிடும்.

நுளம்பு இங்கே இருக்கிறது. கிருமி மட்டும்தான் வெளியிலிருந்து வரவேண்டும். இரத்தினக்கல் வியாபாரத்துக்கு மடகஸ்காருக்கும் ஆபிரிக்காவின் பிற நாடுகளுக்கும் போய்வருபவர்கள் நம்மிடையே உண்டு. அப்படிப் போய்வந்தவருக்குக் காய்ச்சல் கண்டால், பனடோல் போட்டுக்கொண்டு வீட்டில் படுக்க வேண்டாம். வைத்தியரிடம் முதலில் சொல்ல வேண்டியது, எந்த நாட்டுக்குப் போனோம் என்பதைத்தான். மலேரியா இரத்தப் பரிசோதனை அரச வைத்தியசாலையில் இலவசம்.

பீ.எச்.ஐ. வந்து கிணற்றையும் தாங்கியையும் எட்டிப் பார்த்தால் முகம் சுளிக்காதீர்கள். 1963க்குப் பிறகு தளர்ந்துபோனது இதுபோன்ற கண்காணிப்பு வேலைதான்.