மண்ணுளிப் பாம்பின் பெயர்கள்

தமிழ்நாட்டில் மண்ணுளிப் பாம்பு என்ற ஒரே பெயர் இரண்டு இனங்களுக்கு வழங்குகிறது. ஒன்று வழவழப்பான பழுப்பு உடலும் மழுங்கிய வாலும் கொண்டது. அறிவியலில் எரிக்ஸ் ஜானி. மற்றது சொரசொரப்பான செதிலும் கரும்பழுப்புத் திட்டுகளும் கூரிய குட்டை வாலும் உடையது, எரிக்ஸ் கோனிகஸ். இரண்டுக்கும் நஞ்சு கிடையாது. இரண்டும் குட்டி போடுபவை.

முதல் இனத்துக்கு இருதலைப் பாம்பு என்ற பெயரும் உண்டு. சீண்டினால் அது தலையை உடலுக்கடியில் புதைத்துக்கொண்டு வாலைத் தூக்கிக் காட்டும். தலையும் வாலும் ஒரே பருமனில் இருப்பதால் பார்ப்பவருக்கு எது எதுவென்று புரியாது. ஆறு மாதம் ஒரு முனையும் ஆறு மாதம் மறுமுனையும் தலையாக இருக்கும் என்ற நம்பிக்கை இதிலிருந்து வந்ததே. பாம்பாட்டிகள் சிலர் வால் நுனியில் கண், வாய் போல வடு உண்டாக்கி வேடிக்கை காட்டியதும் உண்டு. இன்று இதே பெயரை வைத்துத்தான் மோசடிக் கும்பல்கள் இந்தப் பாம்புக்கு லட்சக்கணக்கில் விலை பேசுகின்றன. கோனிகஸின் நிலை வேறு. அதன் திட்டுகளைக் கண்டு கண்ணாடி விரியன் என்று அடித்துக் கொல்வார்கள். அது நக்கினால் குஷ்டம் வரும் என்றும் அஞ்சுவார்கள்.

அறிவியல் பெயர்களின் கதை சோழமண்டலக் கரையிலேயே தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளரான பாட்ரிக் ரஸ்ஸல் இக்கரையின் பாம்புகளைப் பற்றிய நூலை 1796இல் வெளியிட்டார். ஐரோப்பிய முறைப் பெயர்களுக்குப் பதிலாக உள்ளூர்ப் பெயர்களையே காதில் விழுந்தபடி அதில் எழுதிவைத்தார். இன்று அவர் பெயராலேயே அறியப்படும் கண்ணாடி விரியன் அந்நூலில் ‘கட்டுக ரேகுல பொட’ என்ற தெலுங்குப் பெயரோடுதான் இடம்பெற்றது. கட்டுவிரியனின் பேரினப் பெயரான பங்காரஸும் இங்கு வழங்கிய சொல்லிலிருந்து போனதே.

1801இல் ரஸ்ஸல் இருதலைப் பாம்புக்கு போவா ஜானி என்று பெயரிட்டார். டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியில் பணியாற்றிய கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற ஜெர்மானியப் பாதிரியாரை அது நினைவுகூர்கிறது. அதே ஆண்டில் ஷ்னைடர் என்ற இயற்கையியலாளர் மற்ற இனத்தை போவா கோனிகா என்றார். பின்னர் இரண்டும் எரிக்ஸ் பேரினத்துக்கு மாறின. அதனால்தான் இன்றைய நூல்களில் பெயரிட்டவர் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் வருகின்றன. இப்படிப் பேரினம் மாறினாலும் ஜானி என்ற சொல் நிலைத்து நின்றது. அறிவியல் பெயரின் வலிமையே இதுதான்.

போவா என்ற பொதுப்பெயரோ உறவில்லாதவற்றையும் ஒன்றாகக் கட்டுகிறது. மொரீஷியஸ் அருகிலுள்ள ரவுண்ட் தீவின் பாம்பை இன்றும் போவா என்றே அழைக்கிறார்கள். ஆனால் அது தனிக் குடும்பம், முட்டையிடுவது. அதன் அறிவியல் பெயர் காசேரியா துசுமியேரி.

தமிழ்நாட்டில் பாம்பைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டும் அறிவு, பாம்பு பிடிக்கும் பழங்குடியினரான இருளர்களிடம் தலைமுறைகளாக இருந்தது. 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டு அவர்கள் பிழைப்பு போனது. 1978இல் வடநெம்மேலியில் அமைந்த இருளர் கூட்டுறவுச் சங்கம் அந்த அறிவை நஞ்சு எடுக்கும் தொழிலுக்குத் திருப்பியது. மண்ணுளிக்கு நஞ்சில்லாததால் அதற்கு அங்கே வேலையில்லை.

பொதுமக்களுக்குப் பாம்புகளை இனம் பிரித்துக் காட்டும் முயற்சி சென்னைத் தாம்பரத்தை ஒட்டிய சேலையூரில் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கிய பாம்புப் பண்ணையில் உருவெடுத்தது. 1972இல் அது கிண்டிக்கு இடம்பெயர்ந்தது. மேற்குக் கடற்கரைப் பகுதியில் வாழும் மூன்றாவது மண்ணுளி இனத்தை 1991இல் ஊர்வன ஆய்வாளர் இந்திரனீல் தாஸ் விவரித்தபோது, விட்டேகரின் பெயரால் அதற்கு எரிக்ஸ் விட்டேகரி என்று பெயரிட்டார்.