பாலர் பள்ளியின் வாசற்படி



தோட்டத்துச் சரித்திரம் என்றதும் கப்பலும் கங்காணியும் ரப்பரும் தேயிலையும்தான் நம் நினைவுக்கு வரும். நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. தாயும் தந்தையும் வேலைக்குப் போன பிறகு அவர்கள் எங்கே இருந்தார்கள்? அவர்களைச் சேர்த்துக்கொள்ள யார் என்ன கேட்டார்கள்? செலவை யார் ஏற்றார்கள்? பாலர் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பது எளிதாக வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறோம். அப்படி எளிதாக்கினால் அதன் செலவு எங்கே போய்ச் சேருகிறது என்பதை இன்று ஆராய்வோம்.

கேமரன் மலையை 1885-இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் கண்டு குறித்தார். 1929-இல் போ தேயிலை நிறுவனம் தோன்றியது. வடகோடியில், கம்போங் ராஜா பக்கத்தில், புளூவேலி தோட்டம் எழுந்தது. இத்தோட்டங்களுக்கு வந்த தமிழ்க் குடும்பங்களில் பெண்களும் கொழுந்து பறித்தார்கள். ஆகவே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் தேவைப்பட்டது. அதுதான் ஆயாக் கொட்டகை.

விடியுமுன் பெரட்டுக்குப் போகிற தாய், தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து கொட்டகையில் விட்டுவிட்டுப் போவாள். பாரம் இல்லை, பத்திரம் இல்லை. ஆயாவுக்குப் பிள்ளையின் தாயைத் தெரியும். அந்தத் தாயின் தாயையும் தெரியும். அதைவிட எளிதான சேர்க்கை உலகில் இருக்க முடியாது. செலவு தோட்ட நிர்வாகத்துடையது. அதைத் தர்மம் என்று எண்ணிவிட வேண்டாம். தாயின் இரண்டு கைகளும் கொழுந்துக்குக் கிடைத்தன; அந்த வரவுக்கு முன்னால் ஓர் ஆயாவின் சம்பளம் சிறு செலவு. ஆனால் கொட்டகைக்குள்ளே பிள்ளைக்குக் கிடைத்தது தொட்டிலும் காவலும்தான். எழுத்தும் எண்ணும் பாட்டும் அதன் வேலையல்ல.

பள்ளிக்கூடமும் ஏறக்குறைய அப்படியே தொடங்கியது. பகாங் அடங்கிய கூட்டு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று வகுத்தது. பல தோட்டங்களில் கிராணியோ கங்காணியோ ஆசிரியரானார். வாசல் அகலமாக இருந்தது; உள்ளே கிடைத்தது கொஞ்சம். பள்ளி வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பற்றி அந்தப் பள்ளி விதி பேசவில்லை.

நாடு விடுதலை பெற்ற 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. 1962 முதல் தொடக்கக் கல்வி இலவசமாயிற்று. சின்னஞ்சிறு பிள்ளைகளின் முறை மெதுவாகத்தான் வந்தது. 1970-களில் கெமாஸ் பாலர் வகுப்புகள் பரவின. 1992-இல் கல்வி அமைச்சு தொடக்கப்பள்ளிகளோடு இணைந்த பாலர் வகுப்புகளைப் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்தது. ஒரு வகுப்புக்கு 25 பிள்ளைகள், பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர், ஓர் உதவியாளர், உணவு என்று ஒழுங்கு அமைந்தது. ஆயாக் கொட்டகையில் இல்லாதது எல்லாம் இங்கே வந்தது.

ஆனால் பொதுப்பணம் வந்த இடத்தில் பொதுக்கணக்கும் வந்தது. பிறப்புப் பத்திரம், பெற்றோர் அடையாள அட்டை, வருமானச் சான்று எல்லாம் கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் நியாயம் உண்டு. இடம் இருபத்தைந்துதான் என்றால், யாருக்கு முதலில் என்று கேட்கத்தானே வேண்டும்?

அந்த நியாயத்தின் விலையைக் குடும்பம் கொடுத்தது. கம்போங் ராஜாவிலிருந்து மாவட்டத் தலைநகரான தானா ராத்தாவுக்கு இருபது கிலோமீட்டருக்கும் அதிகமான மலைப்பாதை. போனால் அன்றைய சம்பளம் போயிற்று; ஒரு தாள் குறைந்தால் இன்னொரு நாளும் போயிற்று. இதைவிடப் பெரிய முடிச்சும் உண்டு. 1982 மார்ச் முதல் முஸ்லிம் அல்லாதார் திருமணத்தைப் பதிவு செய்வது கட்டாயமாயிற்று. கோவிலில் தாலி கட்டியாயிற்று, போதும் என்று இருந்துவிட்ட குடும்பங்கள் பல. பதிவில்லாத மணத்தில் பிறந்த பிள்ளை குடியுரிமையில் தாயைத்தான் தொடரும். தாய் குடியுரிமை இல்லாதவர் என்றால், தந்தை குடிமகனாக இருந்தும் பிள்ளைக்குச் சிக்கல். பெரியவர்கள் போடாத ஒரு கையெழுத்து, ஐந்து வயதுப் பிள்ளையை வாசற்படியில் நிறுத்திவிடுகிறது.

இந்த முடிச்சை அவிழ்க்க அரசு செலவிட்டதும் உண்டு. 2011 பிப்ரவரியில் மைடஃப்தார் என்னும் இயக்கம், பத்திரமில்லாத இந்தியர்களைத் தேடிப் பதிவு முகப்புகளைத் திறந்தது. 2019-இல், பெற்றோரில் ஒருவராவது மலேசியராக இருந்தால், ஆவணம் முழுமையாகாத பிள்ளையும் பள்ளியில் சேரும் நடைமுறையைக் கல்வி அமைச்சு எளிதாக்கியது. குடும்பம் அலைவதற்குப் பதில் அதிகாரி அலைந்தார். அவருக்குச் சம்பளம் உண்டு, வண்டிச் செலவு உண்டு. அலைச்சல் மறையவில்லை, தோள் மாறியது.

இந்தக் கணக்கை மிகப் பெரிய அளவில் போட்டுப் பார்த்த இடம், நம் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழ்நாடு. 1982 ஜூலை 1-ஆம் நாள், முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கிராமங்களில் தொடங்கினார். இரண்டு வயதிலிருந்தே பிள்ளைகள் குழந்தைகள் நல மையங்களில் சேர்ந்தார்கள். அதே ஆண்டு நகரங்களுக்கும் அது விரிந்தது. ஏறத்தாழ 60 லட்சம் பிள்ளைகள் பயன்பெற்றார்கள். வாசலைத் திறந்ததோடு வேலை முடிந்துவிட்டதா? மையத்துக்கு மையம் அமைப்பாளர், சமையல் செய்பவர், உதவியாளர் வேண்டியிருந்தது. அரிசியும் பருப்பும் விறகும் நாள்தோறும் வேண்டியிருந்தது. கஜானா தாங்குமா என்று அப்போதே பலர் கேட்டார்கள். திட்டம் நின்றது, ஆட்சிகள் மாறியும் தொடர்ந்தது. இன்று தமிழ்நாட்டில் 50,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன.

நேயர்களே, இதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்ன? சேர்க்கையை எளிதாக்குவது பாரத்தில் இரண்டு கேள்விகளை அடிப்பது மட்டும் அன்று. லயத்துக்கு வந்து எழுதிக்கொள்ள ஆள் வேண்டும். இருபத்தாறாவது பிள்ளை வந்தால் இன்னொரு வகுப்பறையும் இன்னோர் ஆசிரியரும் வேண்டும். இவற்றுக்குப் பணம் ஒதுக்காமல் வாசலை மட்டும் திறந்தால், பட்டணத்தில் இருப்பவர் முந்திக்கொள்வார். மலைமேல் கடைசி லயத்துப் பிள்ளை பழைய இடத்திலேயே நிற்கும்.

செலவிடாமல் விட்டால் பணம் மிச்சமாகுமா? அதுவும் இல்லை. பென்சிலே பிடிக்காத பிள்ளை முதலாம் ஆண்டில் வந்து உட்காரும். பக்கத்தில் வாசிக்கத் தெரிந்த பிள்ளை இருக்கும். அந்த இடைவெளியை நிரப்ப ஆசிரியர் ஆண்டுக்கணக்கில் போராடுவார். நிரம்பாமல் போனால், விலையை அந்தப் பிள்ளை வாழ்நாளெல்லாம் கொடுக்கும்.

பொதுப்பணத்தில் கொழுந்துக் கூடை சுமந்தவர் கொடுத்த வரியும் இருக்கிறது. ஆகவே பாலர் வகுப்பு வேண்டும் என்று கேட்கும்போது, இடமும் ஆசிரியரும் சேர்த்தே கேட்போம். நம் பங்குக்குத் திருமணத்தைப் பதிவு செய்வோம். பிள்ளை பிறந்ததும் பிறப்பைத் தாமதமின்றிப் பதிவோம். தாள்களை ஒரு தகரப் பெட்டியில் பத்திரமாக வைப்போம். பக்கத்து வீட்டில் எழுதப் படிக்கத் தெரியாத தாய் இருந்தால், பாரத்தை நிரப்பிக் கொடுப்போம். அந்த அரைமணி நேரமும் பொதுச்செலவில் நம் பங்குதான்.